கோத்தகிரி பி.எட்.டும் இங்கிலாந்து ஆசிரியர் உரிமமும்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாக ஒரு முறை சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம், தொலைநிலையில் எம்.ஏ., அதன்பின் பி.எட். கோத்தகிரியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறீர்கள். மனைவி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நர்ஸாகச் சேர்ந்துவிட்டார். அவருடைய விசாவைச் சார்ந்து நீங்களும் சில மாதத்தில் கிளம்புகிறீர்கள். இங்கே மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஆக முடியுமா, கையில் இருக்கும் பி.எட். செல்லுமா, பல்கலைக்கழகத்தில் திரும்பப் படிக்க வேண்டுமென்றால் எவ்வளவு காலம், எவ்வளவு பணம், மலையிலிருந்து இறங்குவதற்குள் எதையெல்லாம் எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் வந்து இறங்கிய முதல் செப்டம்பரிலேயே படிப்பில் சேர நினைக்காதீர்கள். அடுத்த செப்டம்பரைக் குறிவையுங்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். பயிற்சி ஆசிரியர்களுக்குப் பள்ளிக்குள் வழிகாட்டும் வேலையில் இருப்பதால், எந்த இடத்தில் நம் ஊர் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் பி.எட். இங்கிலாந்தில் ஆசிரியராக நிலைக்க க்யூ.டி.எஸ். என்ற தகுதி வேண்டும். நீங்கள் உரிமம் என்று சொல்வது இதைத்தான். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியா உட்படச் சில நாட்டு ஆசிரியர்கள், தங்கள் நாட்டுப் பயிற்சியையும் அனுபவத்தையும் காட்டி நேரடியாக க்யூ.டி.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழி திறந்தார்கள். நம் ஊர் வாட்ஸப் குழுக்களில் அது ‘இந்திய பி.எட். அங்கே செல்லும்’ என்று பாதியாகப் பரவிவிட்டது. அந்த வழி கணிதம், அறிவியல், மொழிகள் ஆகிய பாடங்களுக்கு மட்டும். மொழிகள் என்றால் பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்றவை. ஆங்கிலப் பாடம் அதில் வராது. உங்களுடன் வேலை செய்யும் கணக்கு சார் அந்த வழியில் போகலாம், நீங்கள் போக முடியாது.

வெளிநாட்டில் ஆசிரியர் தகுதி பெற்றவர் க்யூ.டி.எஸ். இல்லாமலே நான்கு வருடம் வரை பாடம் எடுக்கலாம் என்றும் ஒரு விதி உண்டு. சம்பளம் தகுதி பெறாத ஆசிரியருக்கான அளவில்தான் இருக்கும், கெடு முடிந்தால் வழி அடைபடும். அதை நம்பி வராதீர்கள். ஆனால் அப்படி ஒரு வேலை கிடைத்து, இரண்டு பள்ளிகளில் பாடம் எடுத்த அனுபவமும் சேர்ந்தால், படிப்பு இல்லாமல் மதிப்பீடு மட்டும் செய்து க்யூ.டி.எஸ். தரும் வழி ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு வாரத்துக்குள் முடியும். ஆங்கிலத்துக்கு அந்த வாய்ப்பு அமைவது அரிது.

ஆகவே உங்களுக்குப் பொருத்தமானது பல்கலைக்கழக வழி: க்யூ.டி.எஸ்.ஸுடன் கூடிய பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு, செகண்டரி இங்கிலீஷ், 11 முதல் 16 வயது அல்லது 11 முதல் 18 வயது வரை. செப்டம்பரில் தொடங்கி ஜூன் வாக்கில் முடியும் ஒரு வருடப் படிப்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘பி.ஜி.சி.இ. இன்டர்நேஷனல்’ என்ற பெயரில் கோத்தகிரியில் உட்கார்ந்தபடியே இணைய வழியில் படிக்கும் படிப்பை விற்கிறார்கள். சான்றிதழில் உண்மையான பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும், ஆனால் க்யூ.டி.எஸ். வராது. இன்டர்நேஷனல் பள்ளிகளில் வேலை தேடுபவருக்கு அது உதவும். இங்கிலாந்துக்கு வரப்போகிற உங்களுக்கு அந்தப் பணம் வீண். 2022இல் தொடங்கிய ஐ.க்யூ.டி.எஸ். வேறு, இந்தியாவில் இருந்தபடியே பள்ளிப் பயிற்சியுடன் முடிக்கலாம், முடித்தால் க்யூ.டி.எஸ். கிடைக்கும். மலையில் தங்கிவிடுபவர்கள் அதை விசாரிக்கலாம். மனைவி ஏற்கெனவே இங்கே இருக்கும்போது நீங்கள் ஒரு வருடம் அங்கே காத்திருக்க வேண்டியதில்லை.

இனி காகிதங்கள். இதில்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் ஊரில் ஒரு வாரத்தில் முடியும் காரியம், இங்கே வந்தபின் ஆறு மாதம் இழுக்கும்.

பட்டச் சான்றிதழ்: பி.ஏ.வுக்கு பாரதியார் பல்கலைக்கழகத்தின் கான்வொகேஷன் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நம்மில் பலர் ப்ரொவிஷனலை வைத்தே பி.எட். சேர்ந்து, வேலைக்கும் போய்விடுகிறோம். யுகே எனிக் என்ற அமைப்பு நம் பட்டத்தை இங்கத்திய பட்டத்துடன் ஒப்பிட்டுச் சான்று கொடுக்கிறது, அங்கே இறுதிப் பட்டமும் மதிப்பெண் பட்டியல்களும் கேட்பார்கள். பி.ஏ. மூன்று வருடப் படிப்பு என்பதால் அதை மட்டும் அனுப்பாதீர்கள், எம்.ஏ.வையும் சேர்த்தே அனுப்புங்கள். பல்கலைக்கழகங்கள் இங்கத்திய ஹானர்ஸ் பட்டத்துக்குச் சமமாக எதிர்பார்க்கும்போது எம்.ஏ. தான் கை கொடுக்கும். பி.எட். சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடையது, சென்னை காரப்பாக்கத்தில் இருக்கிறது. க்யூ.டி.எஸ்.ஸுக்கு அது செல்லாவிட்டாலும் விண்ணப்பத்தில் பெரிய பலம், விட்டுவிடாதீர்கள். இரண்டு பல்கலைக்கழகத்திலும் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கிவிடுங்கள். கோவைக்கும் சென்னைக்கும் போவதை அக்டோபர், நவம்பருக்குத் தள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் இறங்கும் பாதைகளில் மண் சரிந்தால் நாள் போய்விடும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இங்கே பட்டத்துக்கு நிகரான முக்கியம் உள்ளது. பி.ஜி.சி.இ. சேர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ., அதாவது இங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வின் தரம் 4க்கு இணையான தேர்ச்சி காட்ட வேண்டும். ஆங்கில ஆசிரியருக்கு எதற்குக் கணக்கு என்று வாதாட முடியாது, விதி அப்படி. பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவருக்குப் பத்தாம் வகுப்புக் கணிதம்தான் ஆதாரம். எந்த மதிப்பெண்ணை ஏற்பது என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்கிறது. ஒன்று மறுத்தால் இன்னொன்று ஏற்கும். எதுவும் ஏற்கவில்லையென்றால் இணைத் தேர்வு என்று தனியாக எழுதலாம், சதவீதம், விகிதம், வரைபடம், எளிய இயற்கணிதம் அளவில் இருக்கும். எந்தத் தேர்வு நிறுவனத்தின் சான்றை அவர்கள் ஏற்பார்கள் என்று பல்கலைக்கழகத்திடமே கேட்டபின் பணம் கட்டுங்கள். ஆங்கிலத்துக்குச் சிலர் பிளஸ் டூ மதிப்பெண்ணை ஏற்பார்கள், சிலர் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வைக் கேட்பார்கள். கல்லூரியிலிருந்து ஆங்கில வழியில் படித்ததற்கான கடிதம் ஒன்றை லெட்டர்ஹெட்டில் வாங்கிவையுங்கள்.

பெயர். நம் மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து ஒன்று, பெயர் ஒன்று. பாஸ்போர்ட்டில் அந்த முன்னெழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கும். பி.எட்.டில் பெயருக்குப் பின்னால் முன்னெழுத்து வந்திருக்கும். ஊரில் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். இங்கே எனிக், பல்கலைக்கழகம், குற்றப் பின்னணிச் சோதனை மூன்றுமே ஒரே ஆளா என்று கேட்கும். எல்லாம் ஒருவரையே குறிக்கிறது என்று நோட்டரியிடம் ஆங்கிலத்தில் உறுதிமொழிப் பத்திரம் எடுங்கள். அதில் ஒவ்வொரு சான்றிதழிலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, எண்ணுடன் வர வேண்டும். இங்கே வந்தபின் எந்தப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

காவல்துறைத் தடையின்மைச் சான்று, அதாவது பி.சி.சி. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீலகிரி மாவட்டம் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் வேறாக இருந்தால் காவல் நிலைய விசாரணை இழுக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். ரொம்ப முன்கூட்டியே எடுத்தாலும் சிக்கல்: சான்று தேதிக்கும் நீங்கள் விமானம் ஏறிய தேதிக்கும் நடுவில் பல மாதம் இருந்தால் அந்த இடைவெளிக்கு ஆதாரம் கேட்பார்கள். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு எடுப்பது சரி. இங்கே வந்தபின் எடுப்பதென்றால் தூதரக வழியில் போய், விசாரணை மறுபடி கோத்தகிரி நிலையத்துக்கே வந்து திரும்ப வேண்டும்.

கடைசியாகப் பள்ளியின் அனுபவச் சான்று. ‘நன்னடத்தை உடையவர், கடின உழைப்பாளி’ என்று இரண்டு வரிக் கடிதம் இங்கே எதற்கும் ஆகாது. சேர்ந்த தேதி, விலகும் தேதி, எந்த வகுப்புகள், வாரத்துக்கு எத்தனை பீரியட், விலகும் காரணம், மாணவர் பாதுகாப்புத் தொடர்பாக உங்கள் மேல் புகாரோ ஒழுங்கு நடவடிக்கையோ இல்லை என்ற வரி, இத்தனையும் இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் பெயர், பதவி, பள்ளியின் மின்னஞ்சல் முகவரி கீழே வர வேண்டும். பரிந்துரைப் படிவத்தை இங்கிருந்து நேராக அந்த முகவரிக்கு அனுப்புவார்கள். பல மெட்ரிக் பள்ளிகளில் ஒரு ஜிமெயில் முகவரி இருக்கும், அதை யாரோ ஒருவர் எப்போதோ திறப்பார். ‘லீட்ஸிலிருந்து ஒரு மெயில் வரும், தயவுசெய்து பதில் போடுங்கள்’ என்று கரஸ்பாண்டென்டிடமும் அலுவலக அக்காவிடமும் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். பரிந்துரை வராமல் சேர்க்கை நின்றுபோவது சாதாரணமாக நடக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், டெட் தேர்வுக்குப் படித்தேன், அப்பாவின் டீத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேன், எதுவானாலும் மாதக் கணக்கில் எழுதிவையுங்கள். குழந்தைகளுடன் வேலை என்பதால் இடைவெளியை விளக்காமல் விட மாட்டார்கள்.

பணம். 2025-26இல் உள்நாட்டு மாணவர் கட்டணம் 9,535 பவுண்ட். நீங்கள் மனைவியின் விசாவைச் சார்ந்து வருகிறவர், இன்னும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இல்லாதவர் என்பதால் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் வைப்பார்கள். பல இடங்களில் அது 15,000 பவுண்டுக்கு மேல். அரசு மாணவர் கடனும் அந்த அனுமதி வரும்வரை கிடையாது. ஆங்கிலப் பாடத்துக்கான உதவித்தொகை வருடா வருடம் மாறும், அதை வரவுக் கணக்கில் எழுதாதீர்கள். மனைவியின் ஒரு சம்பளத்தில் லீட்ஸ் வாடகையும் கொடுத்து இந்தக் கட்டணத்தையும் கட்டுவது கடினம். ஊரில் தோட்டத்தை அடமானம் வைத்து உடனே சேருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளத்துடன் பயிற்சி தரும் அப்ரென்டிஸ் வழியும் உண்டு. கட்டணம் இல்லை, தகுதி பெறாத ஆசிரியர் அளவிலாவது சம்பளம் வரும். அதற்குப் பொதுவாக மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும், இடங்களும் குறைவு. பொறுக்க முடிந்தவர்களுக்கு அது நல்ல வழி. கட்டண வகையை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தொலைபேசியில் சொன்னதை நம்பிச் சேராதீர்கள்.

அதனால்தான் முதல் வருடத்தைப் பள்ளியில் வேலைக்குப் போக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சார்ந்திருப்போர் விசாவில் வேலை பார்க்கத் தடை இல்லை. டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை கிடைக்கும், அனுபவம் உள்ளவரை, ஆசிரியர் வராத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் கவர் சூப்பர்வைசராகவும் எடுப்பார்கள். சம்பளம் கொஞ்சம்தான். ஊரில் சார் என்று மதிக்கப்பட்டவருக்கு, இன்னொருவர் வகுப்பில் ஓரத்தில் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்வது உறுத்தும். ஆனாலும் போங்கள். அதில் இங்கத்திய வகுப்பறை பழகும், உள்ளூர்ப் பரிந்துரை கிடைக்கும், நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். அதே வருடத்தில் வண்டி ஓட்டும் உரிமத்தையும் முடித்துவிடுங்கள். இந்திய உரிமத்தில் இங்கே குடியேறியதிலிருந்து பன்னிரண்டு மாதம்தான் ஓட்டலாம். அதன்பின் எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் வேண்டும், சாலைத் தேர்வுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. கோத்தகிரி கொண்டைஊசி வளைவில் ஓட்டியவர் என்றாலும் ரவுண்டானாவில் லேன் பிடிக்கும் முறைக்குச் சில வகுப்புகள் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிப் பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு மணி நேரத் தூரத்தில் போட்டுவிட்டால், எட்டரை மணிப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

விண்ணப்பம் அரசின் ஒரே தளத்தில், அக்டோபரில் திறக்கும், கட்டணம் இல்லை. ஒரே நேரத்தில் நான்கு இடங்கள் வரை போடலாம். ஆங்கிலப் பாடத்துக்கு இடம் நிரம்பியதும் மூடிவிடுவார்கள், அதனால் பொங்கலுக்குள் அனுப்பிவிடுங்கள். தனிக் கட்டுரையில் ‘கற்பித்தல் என் கனவு’ என்று தொடங்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் வாக்கியம் அமைக்கவே திணறிய ஒரு பிரிவுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள், அது எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை, ஏன் என்று எழுதுங்கள். நேர்காணலில் ஒரு பத்தியைக் கொடுத்து அலசச் சொல்வார்கள், ஐந்து பத்து நிமிடம் பாடம் எடுக்கச் சொல்வார்கள், ஒரு மாணவி தன் வீட்டுப் பிரச்சினையை உங்களிடம் ரகசியமாகச் சொல்ல வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு ஒரே விடைதான்: யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கேட்டதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்து, பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சேர்க்க வேண்டும். அன்பால் ‘நீ என்னிடம் மட்டும் சொல்லம்மா’ என்று தொடங்குபவர் அங்கேயே விழுந்துவிடுவார்.

படிப்பின் உள்ளே: மொத்தம் 36 வாரம், அதில் குறைந்தது 120 நாள் பள்ளியில், குறைந்தது இரண்டு பள்ளிகளில். வாரம் ஒன்றரை மணி நேரம் மென்டருடன், அதாவது பள்ளியில் உங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியருடன், உட்கார வேண்டும். முதலில் பார்ப்பது, பிறகு பாடத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது, பிறகு முழுப் பாடம் என்று ஏறி, இரண்டாம் பள்ளியில் கால அட்டவணையில் பாதிக்கு மேல் உங்கள் கைக்கு வரும். பல்கலைக்கழகத்துக்கு முதுகலைத் தரத்தில் கட்டுரைகள் உண்டு, வழக்கமாக 60 கிரெடிட். எம்.ஏ. எழுதியவர் என்பதால் எளிது என்று நினைக்காதீர்கள். அறிஞர் சொன்னதைத் தொகுத்துக் கொடுப்பது போதாது, உங்கள் வகுப்பில் நடந்ததை அந்தக் கருத்தோடு உரசிப் பார்க்க வேண்டும். மேற்கோள் காட்டாமல் ஒரு வரி எடுத்தாலும் நடவடிக்கை. தகுதி பெற எட்டு அளவுகோல்கள், 2012 முதல் நடப்பில் உள்ளவை, அவற்றோடு நடத்தை பற்றிய பகுதி ஒன்று. நம் ஊர் ஆட்களுக்குப் பாட அறிவில் சிக்கல் வருவதில்லை. வகுப்பு ஒழுங்கிலும், மாணவர் பதிலைப் பார்த்துப் பாடத்தை அப்போதே மாற்றுவதிலும்தான் வருகிறது.

வகுப்பு ஒழுங்கு பற்றி நேராகவே சொல்கிறேன். அரசுப் பள்ளிகளில் அடி 1987இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. தோளைத் தட்டுவதும் காதைப் பிடிப்பதும் வேலைக்கே ஆபத்தாகலாம். குரலை உயர்த்துவதும் இங்கே பலவீனமாகத்தான் பார்க்கப்படும். பள்ளிக்கென்று படிநிலை இருக்கும்: எச்சரிக்கை, இடம் மாற்றுதல், வெளியே அனுப்புதல். அதை ஒரே மாதிரி, ஒரே குரலில், முதல் வாரத்திலிருந்தே பயன்படுத்த வேண்டும். புதியவர்கள் நல்ல பெயர் எடுக்க எண்ணி முதல் மாதம் விட்டுக்கொடுத்து, பிறகு திடீரென்று இறுக்குவார்கள். பிள்ளைகள் அதை அநியாயமாக எடுத்துக்கொள்வார்கள், வகுப்பு போய்விடும். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், வாசலில் நின்று உள்ளே அனுப்புங்கள், நீங்கள் பேசத் தொடங்குமுன் முழு அமைதி வரும்வரை காத்திருங்கள். மாணவர்களுக்கு உங்கள் செல் எண் கொடுப்பது, வகுப்புக்கு வாட்ஸப் குழு வைப்பது, மாலையில் வீட்டில் ட்யூஷன் எடுப்பது, ஊரில் கடமையாகவே செய்த இவை எல்லாம் இங்கே புகாராகும்.

பாடத்துக்கு வருவோம், இதுதான் எனக்குப் பிடித்த இடம். 2015இல் வந்த ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இலக்கியத்துக்கு ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம், ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல், 1914க்குப் பிந்தைய பிரிட்டிஷ் நாடகமோ புனைகதையோ ஒன்று, 1789க்குப் பிந்தைய கவிதைத் தொகுப்பு என்று நான்கு உண்டு. தேர்வில் புத்தகம் கையில் கிடையாது. மொழிப் பாடம் தனி. ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தில் இரண்டு தாள், ஒவ்வொன்றும் ஒன்றேமுக்கால் மணி நேரம், 80 மதிப்பெண், இதுவரை பார்த்திராத பத்தியைக் கொடுத்துக் கேட்பார்கள். அதனால் நோட்ஸ் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கும் வழி மொழித் தாளில் எடுபடாது, இலக்கியத் தாளிலும் பாதிதான் எடுபடும்.

ஒரே ஒரு உதாரணம். ‘பழைய வீட்டின் கதவு முனகிக்கொண்டே திறந்தது’ என்ற மாதிரி ஒரு வரியைக் கொடுத்து, எழுத்தாளர் சூழலை எப்படிக் காட்டுகிறார் என்று கேட்கிறோம். இங்கத்திய பிள்ளைகளில் பாதிப் பேர் எழுதுவது: ‘எழுத்தாளர் இங்கே உருவகப்படுத்துகிறார், இது வாசகரைத் தொடர்ந்து படிக்கத் தூண்டுகிறது.’ இதற்கு மதிப்பெண் கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் அந்த வாக்கியத்தை எந்தக் கதைக்கும் ஒட்டலாம். நம் ஊர்ப் பழக்கத்தில் வந்த ஆசிரியர் உடனே சரியான விடையைப் பலகையில் எழுதிவிடுவார், பிள்ளைகள் அழகாக நகல் எடுப்பார்கள், பாடம் நடந்த மாதிரி தெரியும். மென்டர் தன் குறிப்பில் ‘ஆசிரியர் சிந்தித்தார், மாணவர் எழுதினர்’ என்று எழுதுவார். நீங்கள் கேட்க வேண்டியது: யார் முனகுவார்கள்? எப்போது? வலியிலா, சலிப்பிலா? அப்படியானால் இந்த வீட்டுக்கு என்ன ஆகியிருக்கும்? கேட்டபின் மூன்று விநாடியாவது வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். அந்த அமைதி பயமாக இருக்கும், நிரப்பிவிடாதீர்கள். கை தூக்காத பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பெண், ‘வீட்டுக்கே காயம் பட்ட மாதிரி இருக்கிறது சார், உள்ளே ஏதோ நடந்திருக்கிறது’ என்பாள். அதை அவள் வாக்கியத்திலேயே பலகையில் ஏற்றி, இதை எப்படிக் கூர்மையாக்கலாம் என்று மற்றவர்களைக் கேட்டால், அதுதான் இங்கே பாடம்.

கோத்தகிரியில் இருக்கும்போதே இதற்குப் பழகலாம். தேர்வு வாரியங்களின் பழைய வினாத்தாள்கள், மதிப்பீட்டு முறை, மாதிரி விடைகள் இணையத்தில் இலவசம். பத்து மாணவர் விடையை எடுத்து நீங்களே மதிப்பெண் போட்டு, வாரியம் போட்டதோடு ஒத்துப் பாருங்கள். நம்மவர்கள் தொடக்கத்தில் பிழையில்லாத, நீளமான விடைக்கு அதிகம் போடுவார்கள். எழுத்துப்பிழையோடு புதிதாக ஒன்றைச் சொன்ன விடைக்குக் குறைத்துப் போடுவார்கள். அந்த வேறுபாடு குறையும்வரை செய்யுங்கள். ஊட்டியில் ஹெப்ரான் போல பிரிட்டிஷ் பாடத்திட்டம் நடத்தும் பள்ளி இருக்கிறது. ஒரு நாள் ஆங்கில வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிப் பாருங்கள், கிடைத்தால் நேர்காணலில் சொல்ல நல்ல செய்தி.

உச்சரிப்பைப் பற்றிக் கவலையாக எழுதியிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். நாம் வேகமாகப் பேசுகிறோம், அதைக் குறைத்தால் போதும். யார்க்‌ஷயர் பிள்ளைகள் பேசுவதுதான் முதல் மாதம் உங்களுக்குப் புரியாது. அதற்கும் டீச்சிங் அசிஸ்டென்ட் வருடம் உதவும். ஐம்பது பேர் வகுப்பைச் சமாளித்த பழக்கமும், இலக்கணத்தைப் படிப்படியாக விளக்கும் திறமையும், கவிதையைச் சத்தமாக வாசிக்கும் குரலும் இங்கே பலரிடம் இல்லாதவை. அவற்றை விட்டுவிட்டு வராதீர்கள்.

தேறியபின் ஏழு இலக்க ஆசிரியர் எண்ணின் கீழ் க்யூ.டி.எஸ். பதிவாகும். வேலை விளம்பரங்கள் பிப்ரவரி முதல் மே வரை குவியும், காரணம் ஆசிரியர்கள் மே 31க்குள் விலகல் கடிதம் கொடுத்தால்தான் செப்டம்பரில் இடம் காலியாகும். நீங்கள் படிப்பு முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணல் அன்று பாடம் எடுக்கச் சொல்வார்கள், அன்று மாலையே தொலைபேசியில் வேலை உறுதி சொல்லி, அதே அழைப்பில் சம்மதம் கேட்பார்கள். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் அடுத்தவருக்குப் போய்விடும், மனைவியிடம் காலையிலேயே பேசிவிடுங்கள். விசா ஸ்பான்சர் தேவையில்லாதவர் என்பது உங்களுக்குச் சாதகம், விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். லண்டனுக்கு வெளியே தொடக்கச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 32,916 பவுண்ட்.

அதன்பின் இரண்டு வருடம் புதிய ஆசிரியருக்கான அறிமுகப் பணிக்காலம். முதல் வருடம் பத்து சதவீதமும் இரண்டாம் வருடம் ஐந்து சதவீதமும் பாடச்சுமை குறையும். இதை ஒரு தடவைதான் செய்ய முடியும், தோற்றால் அரசு நிர்வாகப் பள்ளிகளில் மறுவாய்ப்பு இல்லை. அதனால் சம்பளத்தை மட்டும் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காமல், மென்டர் யார், அவருக்கு அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். பின்னால் மனைவிக்கு ஸ்காட்லாந்தில் வேலை கிடைத்து இடம் மாறினால், அங்கே ஆசிரியர் பதிவு தனி அமைப்பிடம், க்யூ.டி.எஸ். தானாகச் செல்லாது, வேல்ஸிலும் தனிப் பதிவு. பி.எட். டிரான்ஸ்கிரிப்டையும் பி.ஜி.சி.இ. மதிப்பெண்களையும் அப்போதும் கேட்பார்கள், ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.